சுண்ணாம்பு தெறித்த கண்: கும்பகோணத்தில் ஒரு கண் ஆஸ்பத்திரி

ஐந்துக்கு நான்கு நட்சத்திரம்.

அம்மா வெற்றிலைக்குத் தடவ சுண்ணாம்பு டியூபை அழுத்தினார். டியூபின் வாய் காய்ந்து அடைத்திருந்தது போல. பீய்ச்சியடித்து என் மகனின் இடது கண்ணில் விழுந்தது. குழாயடியில் தலையைச் சாய்த்துத் தண்ணீர் விட்டுக்கொண்டிருக்கும்போதே எதிர்வீட்டு மாமா ஆப்பசோடாவோடு வந்துவிட்டார். "கரைச்சு ஊத்து தம்பி, முறிஞ்சிடும்." நல்லவேளை, ஊற்றவில்லை.

ஆஸ்பத்திரியில் டோக்கன், பேர், ஊர் எதுவும் கேட்கவில்லை. நேரே படுக்க வைத்து, மரத்துப்போகச் சொட்டு மருந்து விட்டு, சலைன் பாட்டிலை டியூபில் மாட்டிக் கழுவ ஆரம்பித்துவிட்டார்கள். அரை மணி நேரம். மேல் இமையைப் புரட்டிப் பஞ்சுக் குச்சியால் எடுத்தபோது அரிசி நொய் மாதிரி மூன்று வெள்ளைத் துணுக்குகள்! நாங்கள் வீட்டில் கழுவியும் அவை உள்ளேயே இருந்திருக்கின்றன. கண்ணோரம் ஒரு காகிதத் துண்டை வைத்தார்கள். நீலமாக மாறியது, காரம் (ஆசிடுக்கு எதிரான ஆல்கலி) இன்னும் இருக்கிறதென்று அர்த்தமாம். மறுபடி கழுவல். பிஎச், அதாவது அமில-கார அளவு, நடுநிலையான 7-க்கு வந்த பிறகுதான் விட்டார்கள்.

டாக்டரம்மாவிடம் சோடாவைப் பற்றிக் கேட்டேன். சுண்ணாம்பே காரம், சோடாவும் லேசான காரம்தான், எதை முறிக்கும் என்றார். சரி, ஆசிட் பட்டால்? அப்போதும் வேண்டாமாம், முறியும்போது சூடு கிளம்பும், தண்ணீர் ஊற்ற வேண்டிய நேரமும் வீணாகும். காரம் ஆசிடைவிட ஆழமாக இறங்குமாம்.

ஒரு நட்சத்திரம் போனது மருந்துக் கவுண்டரால். ஒரு சொட்டு மருந்துக்கு நாற்பது நிமிடம், அதிலும் சில்லறை இல்லை என்று சண்டை.

அம்மா இப்போது பழைய பித்தளைச் சுண்ணாம்புக் கரண்டகத்தைத் தேய்த்து எடுத்து வைத்திருக்கிறார்.