பண்டாரவளையில் பழைய குழாய்க்கிணறு பார்த்த குழு

அப்பா காலத்தில் தோண்டிய குழாய்க்கிணறு. கொஞ்ச காலமாகத் தண்ணீர் சிவந்து வந்து, துவைக்கிற வெள்ளைத் துணியெல்லாம் கறை. முதலில் வந்தவர் உள்ளே பார்க்காமலே "கொம்ப்ரசரால காத்தடிச்சா சரியாயிரும்" என்றார். வேண்டாம் என்று அனுப்பிவிட்டு, டவுனில் இருக்கிற ஒரு சின்னக் குழுவைக் கூப்பிட்டேன்.

இவர்கள் மோட்டரைத் தூக்கிய உடனே கெமராவை இறக்கினார்கள். அதற்காகவே இதை எழுதுகிறேன். நம் பக்கத்தில் மேலே மண்ணுக்கும் மக்கிய பாறைக்கும் மட்டும்தான் பிவிசி கேசிங், அதாவது துளை இடியாமல் தாங்கும் உறைக்குழாய். அதற்குக் கீழே வெறும் பாறைத் துளை. கேசிங் பாறையில் உட்காரும் இடம் கசிந்தால் மேல்மண் தண்ணீர் உள்ளே இறங்கிவிடும். அந்த இடத்தில் கெமராவை நிறுத்தி, சுற்றிச் சுற்றிக் காட்டினார் அந்தத் தம்பி. "கேசிங் நல்லா இருக்கு அண்ணே. வெடிப்புலதான் அடைச்சிருக்கு." பாறை வெடிப்புகளின் வாயெல்லாம் செம்மஞ்சள் வழவழப்பு. இரும்பு பக்டீரியா, அதாவது தண்ணீரிலுள்ள இரும்பைப் பிடித்து வளரும் நுண்ணுயிர்.

நான் ஓமானில் எண்ணெய்க் கிணறு பராமரிப்பில் இருப்பவன். அங்கே ஒன்றுக்குள் ஒன்றாக இறக்கிய கேசிங்குகளுக்கு இடையிலுள்ள அமுக்கத்தைத் திறந்து இறக்கிவிட்டு, திரும்ப ஏறுகிறதா என்று காத்திருந்து பார்ப்போம். ஏறினால் எங்கோ ஒழுகுகிறது. கலிபோர்னியாவின் அலிசோ கன்யனில் 1953இல் தோண்டிய எண்ணெய்க் கிணறு ஒன்று, பிறகு எரிவாயுச் சேமிப்புக்குப் பயன்பட்டது. 2015 ஒக்டோபரில் அதன் 7 அங்குலக் கேசிங் உடைந்து, அடுத்த பெப்ரவரி வரை வாயு வெளியேறியது. நிலத்தடி நீர் பட்ட வெளிப்பக்கத்தை நுண்ணுயிர்கள் அரித்திருந்தன. கேசிங் சுவரின் தடிப்பை யாரும் அளக்கவேயில்லை. பழைய கிணற்றை உள்ளே பார்க்காமல் தொடுகிறவர்களை எனக்கு ஆகவே ஆகாது.

அப்புறம் பிரஷ் போட்டுத் தேய்த்து, குளோரின் ஊற்றி இரவு முழுக்க விட்டு, மறுநாள் கொம்ப்ரசரால் தெளியும்வரை அடித்தார்கள். அந்தத் தண்ணீரை லீக்ஸ் பாத்திப் பக்கம் விடாமல் குழாய் போட்டு விலக்கியது நல்ல காரியம். பக்டீரியா திரும்ப வரும் என்பதையும் மறைக்காமல் சொன்னார்கள்.

ஒரு பெரிய குறை: நீர்மட்டத்தை அளக்கவில்லை, அளக்கும் நாடாவே கொண்டுவரவில்லை. 2014 டிசம்பரில் உமா ஓயா நீர்த்திட்டத்துக்காகக் குடைந்த சுரங்கத்துக்குள் தண்ணீர் பாய்ந்து, கிணறுகள் வற்றிய ஊர் இது. இங்கே நீர்மட்டம் எழுதாத வேலை அரை வேலை. இவர்களைக் கூப்பிடலாம், வேலைக்கு முன்னும் பின்னும் மட்டத்தை அளந்து எழுதித் தரச் சொல்லுங்கள், கெமராப் பதிவையும் கேட்டு வாங்குங்கள்.