கிளியூரா, ஆகாய கங்கையா?

அரை நாளில் நடந்து திரும்புவதற்கு, ஏற்காடு ஏரியிலிருந்து சுமார் 3 கி.மீ. தொலைவிலுள்ள கிளியூர் அருவியே எளிது. ஆனால், ஏரி நிரம்பி வழியும் நீரை நம்பியிருப்பதால், கோடையில் வெறும் பாறையைத்தான் காண நேரிடும். கொல்லிமலை ஆகாய கங்கையோ, அறப்பளீசுவரர் கோயிலருகே தொடங்கும் 1,000-க்கும் மேற்பட்ட படிகளில் இறங்கிச் செல்பவர்களை, அய்யாறு ஏறத்தாழ 300 அடி உயரத்திலிருந்து கொட்டும் இடத்தில் கொண்டுபோய் நிறுத்துகிறது. கடைசிப் படிகளை எட்டும் முன்பே சாரல் முகத்தில் படியும். பிடித்துக்கொள்ளும் கம்பியும் ஈரமாக இருக்கும். இறங்கும்போது உறைக்காத செங்குத்து, ஏறும்போதுதான் முழங்காலுக்குத் தெரியும். கிளியூரிலும் படியிறக்கம் உண்டு, எனினும் அது மிகக் குறைவு. ஆகவே, சிறுவர்களுடன் செல்பவர்கள் மழைக்குப் பிந்தைய மாதங்களில் அங்கே செல்லலாம். மூட்டு வலி இல்லாதவர்களுக்கு என் தேர்வு ஆகாய கங்கைதான். விடியற்காலையில் இறங்கி, வெயில் ஏறுமுன் படியேறிவிட வேண்டும்.