பந்தல் சாமான் ஏற்றும் பிக்கப்: பல ஆண்டு ஓட்டத்துக்குப் பிறகு ஒரு மதிப்பீடு

மதுரையில் பாத்திர வாடகையும் பந்தல் வேலையும் செய்யும் எங்கள் கடைக்கு 2017இல் ஒன்றரை டன் பிக்கப் ஒன்று வாங்கினோம். பிஎஸ்4 புகை விதிக்கு உட்பட்ட டீசல் எஞ்சின், ஒற்றைக் கேபின், ஒன்பதடிக்குச் சற்றுக் குறைவான சரக்குத் தளம். ஓடோமீட்டர் இரண்டு லட்சம் கிலோமீட்டரை நெருங்குகிறது. புது வண்டியைப் பற்றி முதல் மாதத்திலேயே எழுதுபவர்களுக்குச் சீட்டும் ஸ்டீரியோவும்தான் கண்ணில் படும். இந்த ரக வண்டி உழைக்குமா உழைக்காதா என்பது ஐந்தாறு ஆண்டு கழித்து, அதுவும் வண்டிக்கு அடியில் படுத்துப் பார்த்தால்தான் விளங்கும். எங்களுடையது எந்த நிறுவனத்தின் வண்டி என்பதை நான் இங்கே எழுதவில்லை. மஹிந்திரா பொலேரோ பிக்கப், டாடா யோதா, இசுசு டி-மேக்ஸ் எதை எடுத்தாலும் அடிப்படை அமைப்பு ஒன்றுதான்: ஏணி வடிவச் சேஸி (அடிச்சட்டம்), முன்னால் டீசல் எஞ்சின், பின்சக்கர இழுவை, பின்னால் பாரத்தைத் தாங்கும் கமான் பட்டை (லீஃப் ஸ்பிரிங்). ஆகையால் தேய்வதும் உடைவதும் ஏறக்குறைய அதே இடங்களில்தான்.

அமெரிக்காவில் முழு அளவுப் பிக்கப் என்றால் ஃபோர்டு எஃப்-150 போன்ற வண்டி. அது நம் ஷோரூம்களில் கிடைக்காது. கிடைத்தாலும் கீழமாசி வீதிக்குள் விட்டுத் திருப்பி எடுக்க முடியாது. நமக்கு முழு அளவு என்பது குட்டி யானைக்கு மேலே, டாடா 407 லாரிக்குக் கீழே நிற்கும் இந்த ரகம்தான்.

எஞ்சினைப் பற்றி நீட்டிச் சொல்ல ஒன்றுமில்லை. ஆயிலும் ஃபில்டரும் தவணை தவறாமல் மாற்றினால் இந்த அளவு டீசல் எஞ்சின் எளிதில் கைவிடாது. மதுரைப் பக்கத்தில் அதற்கு எதிரி போர்வெல் தண்ணீர்தான். ரேடியேட்டரில் தண்ணீர் குறைந்ததும் கையில் கிடைத்த குடத்தை எடுத்து ஊற்றும் பழக்கம் எல்லா ஓட்டுநரிடமும் உண்டு. உப்புத் தண்ணீர் சூடேறும்போது அதிலுள்ள சுண்ணாம்பு படிந்து குழாய்களை அடைக்கும். ரேடியேட்டர் மூடியைத் திறந்து கழுத்தின் உள்விளிம்பை விரலால் தடவினால் வெளிறிய பழுப்பு நிறத்தில் ஓடு போல ஒட்டியிருப்பது தட்டுப்படும். அது தட்டுப்பட்டால் உள்ளேயும் குழாய்கள் அடைபடத் தொடங்கிவிட்டன என்று கொள்ளலாம். கூலன்டையும் டிஸ்டில்டு வாட்டரையும் கலந்து ஒரு கேனில் ஊற்றி இருக்கைக்குப் பின்னால் வைத்துவிட்டால் இந்தத் தொல்லையே இல்லை.

உண்மையான சோதனை கமான் பட்டைக்குத்தான். எங்கள் தொழிலில் எடை ஆளை ஏமாற்றிவிடும். நாற்காலியும் துணியும் கேபினுக்கு மேலே எழும்பி நின்றாலும் பாரம் அவ்வளவு இருக்காது. ஆனால் பித்தளை அண்டா, இரும்பு அடுப்பு, ஜெனரேட்டர், சவுக்குக் கம்பு எல்லாம் சேர்ந்து ஏறினால் தளத்தில் பாதி இடம் காலியாக இருக்கும்போதே வண்டி தன் எல்லையைத் தொட்டுவிடும். இதற்கு ஊர்ப் பட்டறைகள் சொல்லும் கைவைத்தியம், இருக்கும் பட்டைகளோடு கூடுதலாக ஒரு பட்டை சேர்ப்பது. பலர் வண்டி வாங்கிய கையோடு இதைச் செய்துவிடுகிறார்கள். பாரம் ஏற்றினாலும் வண்டி குனியாது என்பது சரிதான். ஆனால் குனியாத வண்டியின் பிரேக் என்ன ஆகும் என்று பட்டறையில் யாரும் சொல்வதில்லை.

இந்த ரக வண்டிகள் பலவற்றில் பின் அச்சுக்கு மேலே, சேஸியில், லோடு சென்சிங் வால்வு ஒன்று இருக்கும். அதிலிருந்து ஒரு கம்பி அச்சுக்கு இறங்கும். பாரம் ஏறிச் சேஸி தாழ்ந்தால் அந்தக் கம்பி வால்வை அசைத்துப் பின் பிரேக்குக்கு அதிக அழுத்தம் போகவைக்கும். வண்டி காலியாகி உயர்ந்து நின்றால், பின்சக்கரம் பூட்டிக்கொண்டு வழுக்காதபடி அழுத்தத்தைக் குறைக்கும். கூடுதல் பட்டை சேர்த்த வண்டி முழுப் பாரத்திலும் உயர்ந்தே நிற்பதால், பாரம் குறைவு என்று கணக்கிட்டு வால்வு பின் பிரேக்கின் அழுத்தத்தைக் குறைத்துவிடும். வண்டியை நிறுத்தும் வேலையில் பெரும்பங்கு முன் டிஸ்க்கின் தலையில் விழும். பிரேக் பேடு சீக்கிரம் தேய்கிறது என்று மாற்றி மாற்றிப் போடுபவர்கள் முதலில் இந்தக் கம்பியைச் சரிபார்க்க வேண்டும். சில வண்டிகளில் கம்பியையே கழற்றி விட்டிருப்பார்கள். பழைய பிக்கப் வாங்கப் போகிறவர் பெயிண்டைப் பார்ப்பதற்கு முன்பு குனிந்து பார்க்க வேண்டிய இடம் இது.

நாங்கள் கூடுதல் பட்டை சேர்க்கவில்லை. ஜெனரேட்டரைத் தனி நடையாக அனுப்புகிறோம். பட்டைக் கட்டை அச்சோடு இறுக்கிப் பிடிக்கும் யூ போல்ட்டுகளை ஒவ்வொரு சர்வீஸிலும் முறுக்கச் சொல்கிறோம். அவை தளர்ந்தால், பட்டைகளைக் கோத்திருக்கும் சென்டர் போல்ட் எல்லா விசையையும் தனியே தாங்கி அறுந்துபோகும். அறுந்ததும் அச்சு ஒரு பக்கமாக நகர்ந்து வண்டி கோணலாக ஓடத் தொடங்கும். செக்கானூரணி தாண்டி எங்களுக்கு இப்படி நேர்ந்தபோது, இடப்பக்கப் பின்சக்கரம் மட்கார்டின் விளிம்பை உரசும் அளவுக்கு முன்னே வந்திருந்தது.

அடுத்துக் கவனிக்க வேண்டியது, கியர்பாக்ஸிலிருந்து பின் அச்சுக்கு இழுவையைக் கொண்டுபோகும் ஷாஃப்ட். இரண்டு துண்டாக உள்ள ஷாஃப்ட்டை நடுவில் ரப்பர் சூழ்ந்த சென்டர் பேரிங் தாங்கும். வேகம் 60ஐத் தொடும்போது காலடித் தகடு அதிர்ந்தால் அந்த ரப்பர் கிழிந்திருக்கலாம். ரிவர்ஸிலிருந்து முதல் கியருக்கு மாற்றிக் கிளட்ச்சை விடும்போது அடியில் ‘டங்’ என்று கேட்டால் ஷாஃப்ட்டின் முனையை இணைக்கும் கிராஸ் ஜாயிண்ட் தேய்ந்திருக்கிறது என்று பொருள். இரண்டுமே பெரிய செலவில்லை, உடனே கவனித்தால். கிளட்ச் பிளேட் எவ்வளவு காலம் வரும் என்பது ஓட்டுபவரின் இடது காலைப் பொறுத்தது. சிறுமலைக்கு ஏறும் 18 கொண்டை ஊசி வளைவுகளிலும் அரைக் கிளட்ச்சிலேயே வண்டியை ஏற்றுபவர் ஒருவர் போதும், பிளேட் கருகிவிடும். முகூர்த்த நாட்களில் ஆள் பற்றாக்குறையால் யாரிடமாவது சாவியைக் கொடுக்க வேண்டியிருக்கிறது. சரக்கோடு சேர்த்து மொத்த எடை 7,500 கிலோவுக்கு மேற்படாத வண்டிகளை இலகுரக வாகன உரிமத்திலேயே ஓட்டலாம் என்று 2017இல் சொன்ன தீர்ப்பை உச்ச நீதிமன்றத்தின் அரசியல் சாசன அமர்வு 2024 நவம்பரில் உறுதிசெய்துவிட்டது. சட்டப்படி தடையில்லை, கிளட்ச்சுக்குத்தான் வேதனை.

துருவைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் எங்கள் வண்டியின் ஆயுளைக் குறைத்தது அதுதான். விருந்து முடிந்து, கழுவியும் கழுவாமலும் ஏறும் அண்டாக்களிலிருந்து புளித்தண்ணீரும் உப்பும் தளத்தில் வடிகின்றன. அந்த ஈரம் தளத் தகடும் அடியிலுள்ள குறுக்குச் சட்டமும் சேரும் மடிப்புக்குள் இறங்கித் தங்கிவிடுகிறது. மேலே பெயிண்ட் பளபளவென்றிருக்கும். அடியிலிருந்து ஸ்குரூ டிரைவரின் பிடியால் தட்டினால் இரும்பு செதில் செதிலாக உதிரும். தளத்தைக் காப்பாற்றுவதாக நினைத்து ரப்பர் மேட் விரிப்பது இன்னும் கெடுதல், ஈரத்தை மூடிவைப்பதைத் தவிர அது வேறொன்றும் செய்யாது. வடிகால் துளைகளைக் குச்சியால் குத்தித் திறந்துவைப்பதும், வாட்டர் வாஷின்போது மேலே அடிக்கும் அளவுக்குக் கீழேயும் அடிக்கச் சொல்வதும்தான் பலன் தந்தன. பூச்சந்தைக்கு ஓடும் வண்டிக்காரர்களும் கவனிக்க வேண்டியது இது. நனைத்த மல்லிகை மூட்டைகளிலிருந்து நாள்தோறும் தண்ணீர் வடிந்துகொண்டே இருக்குமல்லவா?

பராமரிப்புக்கு எங்களுக்கு ஏற்ற மாதம் மார்கழி. ஆடியில் கல்யாணம் இல்லாவிட்டாலும் கோயில் வேலை விடாது. உத்தரவாதக் காலத்தில் போன ஒரு சர்வீஸ் நிலையத்தில் வீல் பேரிங்குக்குப் புதிய கிரீஸ் வைத்ததாகப் பில் கொடுத்தார்கள். சில மாதம் கழித்து ரிங் ரோட்டுப் பட்டறையில் ஹப்பைக் கழற்றியபோது பழைய கிரீஸ் கருத்துக் கட்டிபட்டுக் கிடந்தது. அதிலிருந்து எந்த வேலையானாலும் எங்கள் ஆள் ஒருவர் பக்கத்தில் நிற்கிறார். எட்டு ஆண்டுவரை இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை எஃப்சி (தகுதிச் சான்று) எடுத்த வண்டிக்கு அதன்பின் ஆண்டுதோறும் எடுக்க வேண்டும். ஏழு ஆண்டைத் தாண்டினால் பசுமை வரியும் சேரும். பழைய வண்டியை வைத்திருப்பது மலிவு என்று சொல்பவர்கள் பெயிண்டிங், டிங்கரிங் செலவையும், வண்டி நிற்கும் நாட்களுக்கு வாடகை வண்டி பிடிக்கும் செலவையும் கணக்கில் சேர்ப்பதில்லை. சேர்த்துப் பார்த்தாலும் எங்களுக்கு இதுவரை இது கட்டுப்படியாகியிருக்கிறது.

புதிதாக வாங்குபவர்களுக்கு நிலைமை கொஞ்சம் வேறு. 2020 ஏப்ரலில் வந்த பிஎஸ்6 விதிக்குப் பிறகு டீசல் வண்டிகள் பலவற்றில் புகைக்கரியைப் பிடித்துவைக்கும் டிபிஎஃப் வடிகட்டி இருக்கிறது. சேர்ந்த கரி எரிய வேண்டுமானால் வண்டி சீரான வேகத்தில் சிறிது நேரம் ஓடியாக வேண்டும். உசிலம்பட்டிக்கோ நத்தத்துக்கோ அடிக்கடி போய்வரும் வண்டிக்கு இது தன்னால் நடந்துவிடும். மாட்டுத்தாவணிக்கும் சிம்மக்கல்லுக்கும் நடுவிலேயே நாளெல்லாம் ஊர்ந்துகொண்டிருக்கும் வண்டிக்கு நடக்காது. டேஷ்போர்டில் விளக்கு எரிந்தும் பொருட்படுத்தாமல் ஓட்டினால் வடிகட்டி அடைத்துக்கொண்டு எஞ்சினின் இழுவையே போய்விடும். நகருக்குள் மட்டும் ஓடுபவர்கள் டீசல் பிக்கப் வேண்டுமா என்றே யோசிக்கலாம்.

இன்னும் பெரிய வண்டி வேண்டும் என்பவர்களுக்கு 2022இல் வந்த யோதா 2.0 இரண்டு டன் ஏற்றும். சரக்கோடு சேர்த்து மொத்த எடை 3,000 கிலோவைத் தாண்டும் டீசல் சரக்கு வண்டிக்குப் பெர்மிட் தேவை என்பதை மட்டும் முன்பணம் கட்டுவதற்கு முன்பே கேட்டுக்கொள்ள வேண்டும். டொயோட்டா ஹைலக்ஸ், இசுசு வி-கிராஸ் போன்ற இரட்டைக் கேபின் வண்டிகள் ஓட்டச் சுகமானவை, 2.8 லிட்டர், 204 குதிரைத்திறன் கொண்ட ஹைலக்ஸ் எந்த மலையையும் ஏறும். ஆனால் அவற்றின் பின்பெட்டி ஏறக்குறைய ஐந்தடிதான், பன்னிரண்டடிச் சவுக்குக் கம்பு பாதிக்கு மேல் வெளியே தொங்கும். தோட்டத்துக்குக் குடும்பத்தோடு போய்வருபவருக்கு அது பொருந்தும். எங்கள் கடைக்கு அடுத்து வாங்கப் போவதும் இதே ஒற்றைக் கேபின் ரகம்தான், தளம் மட்டும் முழு ஒன்பதடி.