சுங்கை சிப்பூட் தீவனக் கடை: மழைக்காலத்தில் கோழி வளர்ப்பவர்களுக்கு

மலேசியாவில், பேராக் மாநிலத்துச் சுங்கை சிப்பூட்டில் கோழித் தீவனம் எங்கே வாங்கலாம் என்று யார் கேட்டாலும் நான் கைகாட்டுவது ஒரே கடையைத்தான். பழைய கடை வரிசையில், வாசலில் கம்பி வலைச் சுருள்களும் தண்ணீர்க் குப்பிகளும் தொங்குகிற சீனர் கடை. பெயர்ப்பலகையில் பாதி எழுத்து அழிந்துவிட்டது. ‘தீவனக்கடை தவுக்கே’ (முதலாளி) என்றால் ஊரில் எல்லாருக்கும் தெரியும். எழுபதைத் தாண்டிய மனிதர். அவருடைய அப்பா தோட்டத்துக்குள் மளிகைக் கடை வைத்திருந்தவராம். தோட்டத் தொழிலாளர் குடியிருப்பான லயத்துப் பிள்ளைகளோடு ஓடியாடி வளர்ந்ததால் தமிழ் சரளமாகப் பேசுவார். “என்னா தங்கச்சி, கோழிங்க எப்படி இருக்கு?” என்று கேட்ட பிறகுதான் என்ன வேண்டும் என்றே கேட்பார்.

நான் தமிழ்ப்பள்ளியில் கேன்டீன் நடத்துகிறேன். விடிவதற்கு முன்பே எழுந்து நாசி லெமாக் (தேங்காய்ப்பால் சோறு) கட்ட வேண்டும், மாமியாருக்கு மருந்து கொடுக்க வேண்டும், அதற்கு நடுவில் பின்பக்கம் இருக்கிற கோழிகளைத் திறந்துவிட வேண்டும். எல்லாம் கம்பத்துக் கோழிகள், அதாவது நாட்டுக்கோழிகள். முட்டை வீட்டுச் செலவுக்கு, சேவல் தீபாவளிக்கும் குலசாமிக்கும். காலையில் பத்து நிமிடம், மாலையில் அரை மணி நேரம், அதற்கு மேல் அவற்றோடு செலவிட எனக்கு நேரம் கிடையாது. அதனால் கடைக்காரர் சொல்வது சரியாக இருக்க வேண்டும். தவறான பொருளை வாங்கி வந்து, மறுபடி அலைந்து மாற்றுகிற வாழ்க்கை என்னுடையது இல்லை.

2022 ஜூன் 1 முதல் அரசாங்கம் கோழி ஏற்றுமதியை நிறுத்தி வைத்தது பலருக்கு நினைவிருக்கும். கோழி விலை ஏறி, சந்தையில் கோழி கிடைப்பதே சிரமமாக இருந்த நேரம். எங்கள் தாமானில் (வீடமைப்புப் பகுதியில்) வீட்டுக்கு வீடு கூண்டு கட்ட ஆரம்பித்தது அப்போதுதான். தோட்டத்தில் பால்மரம் வெட்டி ரப்பர்ப் பால் எடுத்த காலத்தில் லயத்துப் பின்கட்டில் கோழி இல்லாத வீடே இருக்காது. எண்ணெய்ப் பனையான செம்பனை வந்து, லயங்கள் காலியாகி, தாமானுக்குக் குடிவந்த பிறகு அந்தப் பழக்கம் விட்டுப்போயிருந்தது. ஆசையாகத் திரும்பத் தொடங்கினார்கள். அக்டோபர், நவம்பர் மழை வந்ததும் ஒவ்வொரு வீட்டிலும் குஞ்சுகள் சாக ஆரம்பித்தன. “குளிர் தாங்கல, சளி பிடிச்சிருச்சு” என்றார்கள் எல்லாரும்.

தவுக்கே மட்டும் அதை ஒத்துக்கொள்ளவில்லை. இந்தக் கடையை நான் தூக்கிப் பிடிக்க முதல் காரணமும் அதுதான்.

என் குஞ்சுகள் இறகை உப்பிக்கொண்டு, கண்ணை மூடி மூலையில் நின்றன. எச்சத்தில் லேசாக ரத்தம். கடையில் போய்ச் சொன்னதும் மருந்து அலமாரிப் பக்கம் அவர் திரும்பவே இல்லை. “கூண்டுத் தரையில இருந்து ஒரு கைப்பிடி எடுத்துக்கிட்டு வா” என்றார். பிளாஸ்டிக் பையில் அள்ளிக்கொண்டு போனேன். கல்லாப்பெட்டிக்குப் பக்கத்தில் பழைய செய்தித்தாளை விரித்து, அதில் கொட்டி, வெறும் கையால் அள்ளி இறுக்கிப் பிடித்தார். கையைத் திறந்தபோது உமியும் எச்சமும் சேர்ந்து கொழுக்கட்டை மாதிரி அப்படியே நின்றது. விரலால் தட்டினார், உடையவில்லை. மூக்கருகே கொண்டுபோனார், எனக்கே தூரத்தில் கண் எரிந்தது. அப்புறம் கடையில் இருந்த புது உமியை என் கையில் கொடுத்து இறுக்கச் சொன்னார். திறந்ததும் பொலபொலவென்று உதிர்ந்தது. “இப்படி உதிரணும். உருண்டை புடிச்சா தரை ஈரம். ஈரத்துலதான் நோய்” என்றார்.

அவர் சொன்னது முழு உண்மை. ரத்தக் கழிச்சல் என்பது குளிரால் வருவதில்லை. எச்சத்தோடு வெளியே வருகிற மிக நுண்ணிய கிருமி முட்டைகள், சூடும் ஈரமும் சேர்ந்த தரையில் ஓரிரு நாளிலேயே நோய் பரப்பும் நிலைக்கு வந்துவிடும். காய்ந்த தரையில் அவற்றால் அப்படி ஆக முடியாது. மூன்று வாரத்திலிருந்து ஆறு வாரம் வரையுள்ள குஞ்சுகளைத்தான் அதிகம் தாக்கும். கண்ணை எரிக்கும் அந்த வாடை எச்சத்திலிருந்து கிளம்பும் அமோனியா. அது மூச்சுக்குழாயைப் புண்ணாக்கிவிடும், அதைத்தான் நாம் சளி என்கிறோம். அன்று அவர் தண்ணீரில் கலக்கும் ஆம்ப்ரோலியம் மருந்தும் கொடுத்தார், ஆனால் சின்னப் பொட்டலம்தான். மிச்சக் காசுக்கு உமி இரண்டு மூட்டையும் கொஞ்சம் சுண்ணாம்பும் வாங்க வைத்தார். கூரை ஓரத்துத் தண்ணீர் கூண்டுக்குள் தெறிக்காமல் இருக்க ஒரு சாய்ப்பு இறக்கவும், தண்ணீர்க் குப்பியைக் கோழியின் முதுகு உயரத்துக்குத் தூக்கி வைக்கவும் சொன்னார். இதில் பாதி விஷயத்துக்கு அவருக்கு ஒரு காசு வருமானம் கிடையாது.

அதற்கு முன்பு நான் போய்வந்த வேறொரு கடையில் எது சொன்னாலும் ஒரு மஞ்சள் பொடிப் பொட்டலம்தான் கையில் வரும். தும்மினாலும் அதுதான், கழிந்தாலும் அதுதான். கூண்டு எப்படி இருக்கிறது என்று ஒரு வார்த்தை கேட்டதில்லை. இரண்டு கடைக்கும் உள்ள வித்தியாசம் அந்த ஒரு கேள்விதான்.

கனடாவில், வினிப்பெக் பக்கம் ஒரு சிற்றூரில் இருக்கும் என் அண்ணன் மகளும் கோழி வளர்க்கிறாள். அங்கே குளிர் எப்படி என்று சொல்லத் தேவையில்லை, தண்ணீர்க் குப்பியே உறைந்துபோகும். ஆனால் நடுக் குளிர்காலத்தைவிட பனி உருகும் மார்ச், ஏப்ரல் மாதங்கள்தான் தொல்லை என்கிறாள். குளிர் முழுக்க உறைந்து கிடந்த எச்சமும் வைக்கோலும் ஒரேயடியாக இளகி, கூண்டு முழுக்கச் சேறு. பகலில் உருகுவது ராத்திரியில் மறுபடி உறைகிறது. கோழிகளின் கால் எப்போதும் நனைந்தே கிடந்து அடிப்பாதத்தில் புண். பகல் நீள்வதால் பெட்டைகள் அப்போதுதான் மறுபடி முட்டையிட ஆரம்பிக்கும், அந்த முட்டையெல்லாம் சேறு. நான் கடையில் நின்றபோதே அவள் வீடியோவில் அழைத்தாள். தவுக்கேயிடம் போனைக் கொடுத்தேன். பனியையே பார்த்திராத மனிதர், படத்தை உற்றுப் பார்த்துவிட்டு, “மேல ஓட்டை இருக்கா?” என்றுதான் முதலில் கேட்டார். குளிருக்குப் பயந்து எல்லா இடுக்குகளையும் அடைத்து வைத்திருந்தாள் அவள். கோழி விடும் மூச்சு ஈரம் வெளியே போக வழியில்லை. கூரையை ஒட்டி காற்று போக இடம் விடு, கோழி உட்காரும் உயரத்தில் மட்டும் காற்று அடிக்காமல் பார், ஈர வைக்கோலை வாரி வெளியே போடு என்றார். கோழிக்கு உடம்புச் சூடு 41 பாகை செல்சியஸ், மேலே இறகுப் போர்வை. காய்ந்திருந்தால் குளிரை அது தாங்கிக்கொள்ளும், கொண்டை கருகிப் போவதுகூட ஈரக் கூண்டில்தான் அதிகம். நம் ஊர் அடைமழைக்கும் அங்கே பனி உருகுவதற்கும் ஒரே வைத்தியம்தான் என்பதைக் கேட்டு அண்ணன் மகள் ஆச்சரியப்பட்டாள். எனக்கு இந்தக் கடை மேல் மரியாதை கூடியது.

சரி, பொருளுக்கு வருகிறேன். குஞ்சுத் தீவனம், வளர்தீவனம், முட்டைத் தீவனம் மூன்றும் எப்போதும் இருக்கும். மூட்டையாகவும் வாங்கலாம், சில்லறையாக ஒரு கிலோ இரண்டு கிலோவும் நிறுத்துத் தருவார்கள். குஞ்சு வைத்திருப்பவர் ‘மலிவாக இருக்கிறதே’ என்று முட்டைத் தீவனம் கேட்டால் கொடுக்க மாட்டார். அதில் முட்டை ஓட்டுக்காகச் சுண்ணாம்புச் சத்து அதிகம், குஞ்சின் சிறுநீரகம் கெட்டுவிடும். உடைத்த சிப்பி ஓடு தனியாக விற்கிறார், முட்டையிடும் கோழிகளுக்குத் தனிக் கிண்ணத்தில் வைத்தால் போதும், தேவையானதை அவையே கொத்திக்கொள்ளும்.

வியாழக்கிழமை காலை ஈப்போவிலிருந்து குஞ்சுகள் வரும். இங்கே ஒரு விஷயம் எனக்கு ரொம்பப் பிடித்தது: தேர்ந்தெடுக்க விடுவார். குஞ்சை மல்லாத்திப் பிடித்து, வயிற்று இறகை ஊதி விலக்கித் தொப்புளைக் காட்டுவார். காய்ந்து மூடியிருந்தால் பெட்டியில் போடுவார், ஈரமாகவோ கறுப்பாகவோ இருந்தால் ஒதுக்கிவிடுவார். முதல் வாரம் 32 முதல் 35 பாகைச் சூடு வேண்டும், விளக்கு இருக்கிறதா என்று கேட்காமல் அனுப்ப மாட்டார்.

அடுத்தது தடுப்பு மருந்து. வெள்ளைக் கழிச்சல், மலாய்க்காரர்கள் சம்பார் என்பார்களே, அது வந்தால் தெருவையே காலி செய்துவிடும். கம்பத்துக் கோழிகளுக்கென்று வெப்பம் தாங்கும் தடுப்பு மருந்தைத் தீவனத்தில் பூசிக் கொடுத்துச் சோதித்துப் பார்த்தது நம் நாட்டில்தான், 1980களில், அன்று பெர்த்தானியான் பல்கலைக்கழகம் என்றிருந்த இன்றைய புத்ரா பல்கலைக்கழகத்தில், ஆஸ்திரேலியர்களோடு சேர்ந்து. அப்படியிருந்தும் நம்மில் பலர் ஊசியும் போடுவதில்லை, சொட்டும் விடுவதில்லை. காரணம், ஒரு குப்பியில் இருப்பது நூற்றுக்கணக்கான கோழிகளுக்கான மருந்து. கலக்கிவிட்டால் ஓரிரு மணி நேரத்துக்குள் தீர்த்துவிட வேண்டும், இருபது கோழிக்காக யார் ஒரு குப்பி வாங்குவது? தவுக்கே ஒரு நோட்டுப் புத்தகம் வைத்திருக்கிறார். பக்கத்துத் தாமான்காரர்களின் பெயரை எழுதிவைத்து, நாலைந்து வீடு சேர்ந்ததும் ஒரே ஞாயிற்றுக்கிழமைக்கு ஏற்பாடு செய்துவிடுவார். பனிக்கட்டி போட்டுத்தான் குப்பியைக் கொடுப்பார். வெயிலில் மோட்டார் கூடையில் போட்டுக்கொண்டு போனால் மருந்து செத்துவிடும் என்று ஒவ்வொருவருக்கும் சொல்வார்.

குறைகளும் இருக்கின்றன, அதையும் சொல்லியாக வேண்டும். மழைக்காலத்தில் சில்லறைத் தீவன மூட்டைகளை வாய் திறந்தபடியே வாசலில் வைக்கிறார்கள். சாரல் பட்டால் சோளம் பூஞ்சை பிடிக்கும், அந்த விஷம் கோழியின் ஈரலைக் கெடுக்கும். தவுக்கே கடையில் இருந்தால் கையை மூட்டைக்குள் விட்டு அள்ளி முகர்ந்து பார்த்துத்தான் நிறுப்பார். மருமகள் இருக்கும் நேரத்தில் மேலாக அள்ளிப் போட்டுவிடுவார். நான் அடியிலிருந்து எடுக்கச் சொல்கிறேன், முகம் சுளிக்காமல் எடுத்துத் தருகிறார், ஆனால் கேட்காதவர்களுக்கு? தரையைப் பற்றி இவ்வளவு அக்கறையாகப் பேசும் கடை, தன் மூட்டைகளுக்கு மூடி போட்ட பீப்பாய் வாங்கி வைக்க வேண்டும். இதை அவரிடமே சொல்லியிருக்கிறேன்.

தராசு பழையது, முள் தராசு. இருட்டு மூலையில் இருப்பதால் முள் எங்கே நிற்கிறது என்று கண்ணை இடுக்கித்தான் பார்க்க வேண்டும். எடை குறைந்ததாக நான் கண்டதில்லை, இருந்தாலும் வாங்குகிறவர் கண்ணுக்குத் தெரிய வேண்டும்.

மருந்துப் பொட்டலங்களில் ஆங்கிலத்திலும் மலாயிலும் பொடி எழுத்து. எத்தனை நாளைக்கு அந்தக் கோழியின் முட்டையைச் சாப்பிடக்கூடாது என்பதை நாமாகக் கேட்டால்தான் சொல்கிறார். அதை அவராகவே சொல்ல வேண்டும். முட்டை போவது பிள்ளைகள் வயிற்றுக்கும் என் மாமியார் மாதிரி நோயாளிகள் வயிற்றுக்கும். இதில் நான் விட்டுக்கொடுக்க மாட்டேன்.

உடும்புக்கும் மலைப்பாம்புக்கும் அவர் தரும் கம்பி வலை பரவாயில்லை. செம்பனைக் காட்டை ஒட்டி வீடு இருப்பவர்கள் சிறு கண்ணி வலையாகக் கேட்டு வாங்குங்கள். பெரிய கண்ணியில் கோழி வெளியே வராது, பாம்புக் குட்டி உள்ளே வந்துவிடும்.

விலை மற்ற இடங்களைவிடக் குறைவு என்று சொல்ல மாட்டேன். மூட்டையாக வாங்கினால் ஈப்போவில் கொஞ்சம் மலிவாகக் கிடைக்கலாம், பெட்ரோல் காசை யோசித்துக்கொள்ளுங்கள். கடன் கொடுப்பதில்லை, அட்டையும் எடுப்பதில்லை, ரொக்கம் வேண்டும். மாலை ஆறு மணிக்குக் கதவைச் சாத்திவிடுவார்கள், ஞாயிறு அரை நாள்தான். பள்ளி முடிந்து இரண்டு மணிக்குப் போவது எனக்கு வசதி, அந்த நேரத்தில் கூட்டமும் இருக்காது, தவுக்கே நின்று பேசுவார்.

உமி கிரியான் பக்கத்து நெல் ஆலைகளிலிருந்து வருகிறது. அக்டோபர் பிறந்துவிட்டால் எல்லாரும் ஒரே நேரத்தில் வந்து நிற்பார்கள், மூட்டை தீர்ந்துவிடும். செப்டம்பரிலேயே சொல்லி வைத்து வாங்கி, நனையாத இடத்தில் அடுக்கிவிடுங்கள். தடுப்பு மருந்து வேண்டுமென்றால் நோட்டுப் புத்தகத்தில் பெயர் கொடுக்கும்போது எத்தனை கோழி, எத்தனை குஞ்சு என்று தனித்தனியாகச் சொல்லுங்கள், எங்கள் தெருவில் இன்னும் மூன்று வீடு சேரலாம்.