ஐஸ்லாந்து மாறுபாடும் கிரீன்லாந்து மாறுபாடும்

இரண்டாம் வகைச் சர்க்கரை நோயைப் பரம்பரைச் சொத்து என்று சொல்லிவிடுகிறோம். சொத்து கைமாறும் விதம் ஒன்றல்ல.

டிசிஎஃப்7எல்2 மரபணுவின் மாறுபாட்டை ஐஸ்லாந்தில் 2006-இல் கண்டறிந்தார்கள். அது உலகெங்கும் பரவலாக இருக்கிறது. சென்னையில் நடந்த ஆய்விலும் தென்பட்டது. தாய், தந்தையில் ஒருவரிடமிருந்து மட்டும் அதன் ஒரு பிரதி வாய்த்தவருக்கு நோய்க்கான வாய்ப்பு சுமார் 1.4 மடங்கு, இரண்டும் வாய்த்தவருக்கு ஏறத்தாழ இரு மடங்கு. இன்சுலின் சுரப்பு மந்தமாகிறது, அவ்வளவுதான். இரண்டு பிரதிகளோடும் நோயே இல்லாமல் வாழ்ந்து முடிப்பவர்கள் ஏராளம்.

என் ஆர்வமெல்லாம் 2014-இல் கிரீன்லாந்தின் பழங்குடிகளான இனுயிட் மக்களிடம் தெரியவந்த டிபிசி1டி4 மரபணு மாறுபாட்டின் மீதுதான். இங்கே ஒரு பிரதி மட்டும் பெற்றவருக்குப் பெரிய கேடு இல்லை. தாய், தந்தை இருவரிடமிருந்தும் பெற்றால் வாய்ப்பு சுமார் பத்து மடங்கு! அங்கே நூற்றில் நான்கு பேர் அப்படிப்பட்டவர்கள். இன்சுலினைச் சுரக்கும் கணையத்தின் மீது குற்றமில்லை. உணவுக்குப் பின் இன்சுலின் வந்து கதவைத் தட்டினாலும் தசை சர்க்கரையைச் சரியாக உள்ளே வாங்குவதில்லை.

அதனால் ஒரு வேடிக்கை நிகழ்கிறது. வெறும் வயிற்றுப் பரிசோதனையில் இவர்களில் பலருடைய சர்க்கரை ஒழுங்காகவே தெரியும். குளுக்கோஸ் குடித்து இரண்டு மணி நேரம் கழித்துப் பார்த்தால்தான் குட்டு உடையும். சோதனை முறையையே மாற்றவைக்கும் மரபணு இது. டிசிஎஃப்7எல்2 பற்றி அப்படிச் சொல்ல முடியாது.