லாக் அலர்ட்: ஜாபிக்ஸா, நாகியோஸா, லோகியா?

லினக்ஸ் சர்வரில் மெமரி அடியோடு தீர்ந்துபோனால் சிஸ்டத்தின் மையப் பகுதியான கெர்னலே களத்தில் இறங்கிவிடும். அதிகமாகத் தின்னும் ப்ராசஸ் ஒன்றைப் பார்த்து அதன் ஓஓஎம் (அவுட் ஆஃப் மெமரி) கில்லர் போட்டுத்தள்ளும். டேட்டாபேஸ் ஓடும் சர்வரில் பெரும்பாலும் பலியாவது மைஎஸ்க்யூஎல்தான். சர்வீஸ்களை ஓட்டிப் பார்த்துக்கொள்ளும் சிஸ்டம்டி அதைச் சில விநாடிகளில் மறுபடி கிளப்பிவிடும். அடுத்த நிமிடம் மானிட்டரிங் வந்து பார்க்கும்போது மைஎஸ்க்யூஎல்லின் 3306 போர்ட் திறந்திருக்கிறது, மெமரி கிராஃப் இறங்கியிருக்கிறது, திரை முழுக்கப் பச்சை. நடந்ததற்குச் சாட்சி, சிஸ்டம் வரி வரியாக எழுதிவைக்கும் லாக் மட்டுமே.

லாக் ஃபைலுக்கென்று தனியாக அலர்ட் வைப்பது இந்த மாதிரி விஷயங்களுக்காகத்தான். எந்த மானிட்டரிங் சிஸ்டத்தை வைத்துச் செய்வது என்று கேட்டால் ஜாபிக்ஸ், நாகியோஸ், லோகி என்று ஆளாளுக்கு ஒன்றைச் சொல்வார்கள். எந்த வார்த்தையைத் தேடுவது என்பதில் இவற்றுக்குள் பெரிய வேறுபாடு கிடையாது. ரெகுலர் எக்ஸ்ப்ரெஷன் (எழுத்து வடிவத்தைத் தேடும் குறியீடு) எழுதத் தெரிந்தால் எங்கும் எழுதலாம். சிக்கல் அலர்ட் எழுந்த பிறகுதான் தொடங்குகிறது. சிபியு 95 சதவீதம் என்பது ஒரு நிலை; இறங்கினால் அலர்ட்டும் தானாக அடங்கும். லாக் வரியோ நடந்து முடிந்த சம்பவம். 'இப்போது எல்லாம் சரி' என்று கெர்னல் இன்னொரு வரி எழுதப்போவதில்லை. அப்படியானால் அந்த அலர்ட்டை மூடுவது யார், எப்போது? ஒவ்வொரு சிஸ்டமும் இதற்கு ஒரு பதில் வைத்திருக்கிறது. தேர்வு செய்யும்போது நான் முதலில் பார்ப்பது அந்தப் பதிலைத்தான்.

நாகியோஸ் 1999இல் நெட்செயின்ட் என்ற பெயரில் வந்தது. அதன் உலகம் மிக எளிமையானது: ஒரு ப்ளகின் (சோதனை செய்யும் சின்ன நிரல்) ஓடும், முடியும்போது 0, 1, 2, 3 என்று ஓர் எண்ணைத் திருப்பித் தரும். 0 நலம், 1 எச்சரிக்கை, 2 ஆபத்து, 3 தெரியவில்லை. லாக் பார்ப்பதற்கு அதோடு வரும் செக்_லாக் என்ற ப்ளகினைத் தொட வேண்டாம். லாக் ரொட்டேட் ஆகும் (பழைய ஃபைலை ஒதுக்கிவிட்டுப் புதியதைத் தொடங்கும்) நேரத்தில் அது வரிகளைக் கோட்டை விட்டுவிடும். ஜெர்மனியின் கான்சால் நிறுவனத்திலிருந்து வந்த செக்_லாக்ஃபைல்ஸ்தான் உருப்படியானது. போன முறை எந்த இடம்வரை படித்தோம் என்று குறித்துவைத்துக்கொண்டு அங்கிருந்தே தொடரும். நடுவில் ஃபைல் ரொட்டேட் ஆகியிருந்தால் பழைய ஃபைலில் மிச்சமிருப்பதையும் படித்துவிட்டுத்தான் புதியதற்கு வரும்.

இந்த நல்ல குணமே ஒரு குழியையும் வெட்டி வைக்கிறது. நாகியோஸில் ஒரு செக் தோற்றவுடனே மெயில் போகாது. மேக்ஸ் செக் அட்டெம்ப்ட்ஸ் 3 என்று இருந்தால், மூன்று முறை தொடர்ந்து தோற்றால்தான் போகும். முதல் ஓட்டத்தில் ஓஓஎம் வரி கிடைக்கிறது, ஆபத்து என்று 2 திரும்புகிறது. ஒரு நிமிடம் கழித்து மறு சோதனை. இப்போது புது வரிகளை மட்டும் படிக்கிறது, அதில் ஒன்றுமில்லை, 0. ஆக, சம்பவம் நடந்தது, ப்ளகின் அதைப் பிடித்தது, மெயில் மட்டும் வரவே இல்லை. லாக் சர்வீஸ்களுக்கு இந்த எண்ணை 1 ஆக்கியே தீர வேண்டும். கூடவே சர்வீஸை வாலடைல் என்று குறித்துவிட்டால் ஒவ்வொரு புது வரிக்கும் தகவல் போகும்.

அதைச் சரிசெய்தாலும் அடுத்த ஓட்டத்தில் சர்வீஸ் பச்சையாகிவிடும். மெயில் பார்க்காதவருக்கு டேஷ்போர்டில் தடயமே இருக்காது. இதற்குத்தான் செக்_லாக்ஃபைல்ஸில் ஸ்டிக்கி என்ற வசதி. 3600 என்று கொடுத்தால் ஒரு மணி நேரம் சிவப்பாகவே நிற்கும். அதற்குள் 'ஓகே பேட்டர்ன்' என்று நாம் சொல்லிவைத்த வரி வந்தால் முன்னதாகவே தணியும்.

நாகியோஸின் துணைக்கருவியாகத் தொடங்கித் தனி சிஸ்டமாக வளர்ந்த செக்எம்கே இந்த இடத்தில் வேறு வழியில் போகிறது, எனக்கு மிகவும் பிடித்த வழி. அதன் லாக்வாட்ச் ப்ளகின், பொருந்திய வரிகளை மானிட்டரிங் சர்வரில் சேர்த்து வைக்கும். ஒரு மனிதர் வந்து படித்து 'பார்த்தாயிற்று' என்று அழுத்தும்வரை சர்வீஸ் சிவப்பு மாறாது. சம்பவத்தை மூட வேண்டியவர் மனிதர் என்பதை ஒளிவுமறைவில்லாமல் ஒத்துக்கொள்ளும் அமைப்பு இது. ஆனால் யாரும் எட்டிப் பார்க்காத குழுவில் அது குப்பை மேடாகிவிடும். ஒரு அளவுக்கு மேல் குவிந்தால் புது வரிகளைச் சேமிப்பதையே நிறுத்திவிடும்.

அப்புறம் ஜாபிக்ஸ். லாட்வியாவில் பிறந்தது, 7.0 பதிப்பிலிருந்து ஏஜிபிஎல் என்ற திறமூல உரிமத்தில் வருகிறது. நம் ஊர் ஐடி டீம்களிலும் ஜாபிக்ஸை நிறையப் பார்க்கலாம். இதில் லாக் ஐட்டம் (எந்த லாகிலிருந்து எதைச் சேகரிப்பது என்ற அமைப்பு) வைக்கப்போகிறவர்கள் முதலில் முட்டிக்கொள்வது ஆக்டிவ், பேசிவ் விவகாரத்தில். லாக் ஐட்டம் ஆக்டிவ் ஏஜென்ட் வகையாக மட்டுமே வேலை செய்யும். அதாவது ஜாபிக்ஸ் சர்வர் வந்து கேட்காது; கண்காணிக்கப்படும் மெஷினில் ஓடும் ஏஜென்ட்டே போய் 'என்னிடம் எதைப் பார்க்கச் சொல்கிறாய்' என்று கேட்டு வாங்கிக்கொள்ள வேண்டும். அதற்கு ஏஜென்ட் கான்ஃபிக்கில் சர்வர்ஆக்டிவ் வரி இருக்க வேண்டும். ஹோஸ்ட்நேம், வெப் திரையில் கொடுத்த பெயரோடு எழுத்துக்கு எழுத்து பொருந்த வேண்டும். ஒன்று பெரிய எழுத்தில், மற்றொன்று சிறிய எழுத்தில் இருந்தாலே போதும், 'ஹோஸ்ட் கிடைக்கவில்லை' என்று ஏஜென்ட்டின் லாக் புலம்பும். நாம் டேஷ்போர்டைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்போம்.

அடுத்தது அனுமதி. டெபியன், உபுண்டுவில் சிஸ்லாக் என்ற பொது லாக் ஃபைலைச் சாதாரண யூசர்களில் ஏடிஎம் (adm) என்ற குழுவினர்தான் படிக்க முடியும். ஜாபிக்ஸ் யூசரை அந்தக் குழுவில் சேர்த்து ஏஜென்ட்டை ரீஸ்டார்ட் செய்வது முறை. அவசரத்துக்கு ஃபைலின் அனுமதியை 644 (யாரும் படிக்கலாம்) ஆக்குபவர்கள் உண்டு. அன்றைக்கு வேலை செய்யும். புது ஃபைலை 640 உடன் உருவாக்கும்படி லாக்ரொட்டேட் அமைந்திருந்தால், அது ஓடியதும் அலர்ட் சத்தமில்லாமல் செத்துவிடும். ஐட்டம் உருவாக்கும்போது மோட் இடத்தில் ஸ்கிப் கொடுக்கவும் மறக்கக்கூடாது. இல்லையென்றால் ஏஜென்ட் ஃபைலின் முதல் வரியிலிருந்து படிக்கத் தொடங்கி, போன வாரத்துப் பிழைகளுக்கெல்லாம் இன்றைக்கு மெயில் அனுப்பும்.

சரி, யார் மூடுவது? பொருந்தும் வரிகளை மட்டுமே சேகரிக்கும்படி ஐட்டம் வைத்து, ஃபைண்ட் ஃபங்ஷனோடு ட்ரிக்கர் (எப்போது அலர்ட் எழ வேண்டும் என்ற விதி) எழுதினால், அது எழும், ஆனால் அடங்காது. புது மதிப்பு வந்தால்தான் ட்ரிக்கர் மறுபடி கணக்கிடப்படும். வரும் மதிப்பெல்லாம் பிழை வரிதான். பலரும் செய்வது, நோடேட்டா ஃபங்ஷனைச் சேர்த்து 'பத்து நிமிடம் புது வரி எதுவும் இல்லையென்றால் மூடிவிடு' என்று எழுதுவது. நோடேட்டா நேரத்தை வைத்து ஓடுவதால் புது மதிப்பு வராவிட்டாலும் கணக்கிடப்படும். இன்னொரு வழி, ஓகே ஈவென்ட் (தானாகத் தீர்ந்தது என்ற அறிவிப்பு) வேண்டாம் என்று தேர்ந்தெடுத்து, கையால் மூட அனுமதிப்பது. ஓஓஎம் மாதிரி அபூர்வமான விஷயத்துக்கு நான் இரண்டாவதையே எடுப்பேன். செக்எம்கேயின் நடத்தை இங்கேயும் கிடைத்துவிடுகிறது, நாமே கட்டிக்கொள்ள வேண்டும், அவ்வளவுதான்.

என்ஜிஎன்எக்ஸ் வெப் சர்வரின் எரர் லாக் வேறு ரகம். அதில் எரர் என்ற வார்த்தையையே தேடினால் ஃபேவ்ஐகான் ஃபைல் இல்லை என்பதற்கும் மெயில் வரும், அது கதைக்கு உதவாது. அப்ஸ்ட்ரீம் டைம்அவுட் (பின்னால் இருக்கும் ஆப் நேரத்துக்குப் பதில் தரவில்லை) வரிகளை மட்டும் பார்க்கிறோம் என்று வைத்துக்கொள்வோம். ஒன்றிரண்டு எப்போதும் வரும். நிமிடத்துக்கு ஐம்பது வந்தால்தான் கவலை. இங்கே வரிகளைச் சேகரிக்காமல் எண்ணிக்கையை மட்டும் தரும் லாக்.கவுன்ட் ஐட்டத்தை வைத்தால் அது சாதாரண எண் ஆகிவிடும். எழுவதும் அடங்குவதும் சிபியு மாதிரியே தானாக நடக்கும். வரிகளையே அனுப்பும் ஐட்டத்தை வைத்தால் புயல் நேரத்தில் ஏஜென்ட் பின்தங்கிப்போகும், ஏனென்றால் இயல்பாக விநாடிக்கு 20 வரிக்கு மேல் அது அனுப்பாது.

லோகிக்கு வருவோம். கிராஃபானா லேப்ஸ் 2018 டிசம்பரில் அறிவித்தது. எல்லா லாகையும் ஓரிடத்துக்கு அனுப்பி, லேபிள்களை (எந்த சர்வர், எந்த ஆப் போன்ற அடையாளங்கள்) மட்டும் இண்டெக்ஸ் செய்து, மற்றதைச் சுருக்கி வைத்துவிடும். முன்பு அனுப்பும் வேலையைப் ப்ராம்டெய்ல் செய்தது. இப்போது அந்த இடத்தில் அலாய். அலர்ட் விதிகளை ரூலர் என்ற பகுதி ஓட்டும்: 'கடந்த ஐந்து நிமிடத்தில் இந்த வரி எத்தனை முறை, பூஜ்யத்துக்கு மேலா?' என்ற கேள்வியைத் திரும்பத் திரும்பக் கேட்கும். ஆம் என்றால், அலர்ட்டுகளை ஆட்களுக்கு அனுப்பும் அலர்ட்மேனேஜருக்குச் செய்தி போகும்.

ஆக, லோகியில் அலர்ட்டை மூடுவது கடிகாரம். ஐந்து நிமிட ஜன்னல் நகர்ந்ததும் எண்ணிக்கை பூஜ்யம், அலர்ட் தீர்ந்தது. 'ரிசால்வ்டு' செய்தியும் போகும்படி வைத்திருந்தால், ராத்திரி இரண்டு மணிக்கு அதைப் பார்ப்பவர் திரும்பிப் படுத்துக்கொள்வார். எதுவும் சரியாகவில்லை, ஐந்து நிமிடம் ஓடியிருக்கிறது, அவ்வளவே. ஸ்லாக்குக்கும் மெயிலுக்கும் அலர்ட்மேனேஜர் இயல்பில் தீர்வுச் செய்தி அனுப்பாது, வேறு மென்பொருளுக்குச் செய்தி தள்ளும் வெப்ஹுக்குக்கு அனுப்பும். இதைச் சரிபார்த்துக்கொள்வது நல்லது. நாகியோஸில் பார்த்த அதே குழி இங்கே வேறு வேஷத்தில் இருக்கிறது: ஜன்னல் ஐந்து நிமிடம், விதியில் 'ஃபார்' (இவ்வளவு நேரம் தொடர்ந்து நீடித்தால்தான் எழு) பத்து நிமிடம் என்று எழுதினால், ஒற்றை வரி வந்து போகும் சம்பவத்துக்கு அலர்ட் ஒருநாளும் எழாது. வேறு மெட்ரிக் விதியிலிருந்து காப்பியடிக்கும்போது இது சுலபமாக ஒட்டிக்கொண்டு வந்துவிடும்.

தாமதமும் உண்டு. நெட்வொர்க் இருபது நிமிடம் அறுந்து, பிறகு தேங்கியிருந்த லாக் பழைய நேரமுத்திரையோடு வந்து சேர்ந்தால், கடைசி ஐந்து நிமிடத்தையே பார்க்கும் விதியின் கண்ணில் அது படாது. ஜாபிக்ஸ் ஏஜென்ட்டோ விட்ட இடத்திலிருந்து அனுப்பும். வந்து சேர்ந்த நொடியில் ட்ரிக்கர் கணக்கிடப்படும். நெட்வொர்க் ஆட்டம் காணும் கிளை அலுவலகச் சர்வர்களுக்கு இது சின்ன விஷயமல்ல.

மெயிலில் என்ன இருக்கும் என்பதிலும் ஜாபிக்ஸும் நாகியோஸும் ஒரு படி முன்னால் நிற்கின்றன. பிழை வரியையே மெயிலில் வைக்கலாம். லோகி விதி எண்ணிக்கையைத்தான் தருகிறது. செத்த ப்ராசஸின் பெயர் வேண்டுமென்றால் விதிக்குள்ளேயே ரெகுலர் எக்ஸ்ப்ரெஷனால் அதைப் பிடுங்கி லேபிள் ஆக்க வேண்டும். ஆனால் மெயில் வந்த பிறகு நடக்கும் விசாரணையில் லோகியை அடிக்க ஆளில்லை. ஓஓஎம் வரிக்கு முன்னால் கெர்னல் எழுதிய ப்ராசஸ் பட்டியல், அதே நேரத்தில் ஆப் லாகில் என்ன நடந்தது, எல்லாம் ஒரே திரையில். கன்டெய்னர்களை ஓட்டும் குபெர்னெட்டிஸில் பாட் (கன்டெய்னர் தொகுதி) செத்தால் அதன் லாக் ஃபைலும் விரைவில் போய்விடும் என்பதால், அங்கே லாகை வெளியே அனுப்பாமல் வேறு வழியும் கிடையாது.

லாகைச் சேர்த்துத் தேட எலாஸ்டிக்சர்ச் வைத்திருப்பவர்கள் அதன் திரையான கிபானாவின் அலர்ட்டை நினைத்துக்கொண்டிருந்தால் ஒன்றைத் தெரிந்துகொள்ள வேண்டும்: சொந்த சர்வரில் ஓட்டும் இலவச அடுக்கில் மெயில், ஸ்லாக் இணைப்புகள் இல்லை. எலாஸ்ட்அலர்ட் 2 என்ற தனிக் கருவி அந்த ஓட்டையை அடைக்கும். ஃப்ரீக்வென்சி, ஸ்பைக், ஃப்ளாட்லைன் என்று அதன் விதி வகைகள் நன்றாகவே இருக்கின்றன. அலர்ட்டுக்காக மட்டும் எலாஸ்டிக்சர்ச்சை நிறுவுவது வேண்டாத செலவு.

வர வேண்டிய வரி வராமல் போவதையும் பார்க்க வேண்டும். ராத்திரி பேக்கப் முடிந்ததும் ஸ்கிரிப்ட் எழுதும் வரிக்கு ஜாபிக்ஸில் நோடேட்டா 26 மணி நேரம் என்று டெம்ப்ளேட்டில் ஒரு முறை எழுதினால், அது ஒவ்வொரு ஹோஸ்ட்டுக்கும் தனித்தனியாகக் கணக்குப் பார்க்கும். லோகியில் 'வரி வரவே இல்லையா' என்று பார்க்கும் ஆப்சென்ட் ஓவர் டைமை பேக்கப் என்ற பொது லேபிளுக்கு எழுதினால், பத்து சர்வரில் ஒன்பது பேசி ஒன்று ஊமையாக இருந்தாலும் அது வாய் திறக்காது. சர்வருக்கு ஒரு விதி எழுத வேண்டும்.

நாற்பது ஐம்பது சர்வர், பெரும்பாலும் விஎம்கள், ஜாபிக்ஸ் ஏற்கெனவே ஓடுகிறது என்றால் அங்கேயே இருங்கள். புதிதாகத் தொடங்குகிறீர்கள், காலையில் அலர்ட் பட்டியலைப் பார்க்க நிச்சயமாக ஒருவர் இருக்கிறார் என்றால் செக்எம்கே. கன்டெய்னர் என்றால் லோகி. ஆனால் ஒற்றை வரிச் சம்பவங்களை டிக்கெட் சிஸ்டத்துக்குத் திருப்பிவிட்டு, மூடும் வேலையை அங்கே மனிதரிடம் கொடுத்துவிடுங்கள்.

எதை வைத்தாலும் போலி வரி ஒன்றை எழுதிச் சோதிக்கும்போது ஒரு எச்சரிக்கை. ஓஓஎம் விதிக்கு சிஸ்லாகுக்கு வரி எழுதும் லாகர் கமாண்டில் கெர்ன் என்று ஃபெசிலிட்டி (வரி எங்கிருந்து வருகிறது என்ற குறி) கொடுத்தால் அது யூசர் என்று மாற்றப்பட்டுவிடும், ஏனென்றால் கெர்னலின் பெயரில் வெளியிலிருந்து எழுத அனுமதி இல்லை. வரி சிஸ்லாகில் விழும், கெர்ன்.லாகில் விழாது. விதி கெர்ன்.லாகைப் பார்க்கிறது என்றால் ரூட்டாக இருந்து டீ கமாண்டால் அந்த ஃபைலின் கடைசியில் வரியைச் சேருங்கள். சேர்க்கும்போது மைனஸ் ஏ போட மறந்தால் ஃபைலில் இருந்த பழைய வரிகளெல்லாம் அழிந்துவிடும்.