ரைஸ்மில் வேலையை விடாமல் படித்தேன்: அழகப்பா பல்கலைக்கழகத்தோடு என் நெடுநாள் அனுபவம்

புதுவயலில் ஒரு ரைஸ்மில்லில் கணக்கு எழுதுகிறேன். பிளஸ் டூ முடித்த கையோடு வேலைக்கு வந்தேன். இன்றும் அதே மில்தான். நடுவில் பி.காம், கம்ப்யூட்டரில் கணக்கு எழுதும் டேலி பயிற்சி, எம்.காம் என்று படித்தது எல்லாம் காரைக்குடி அழகப்பா பல்கலைக்கழகத்தில். என் மனைவி அங்கே ஆடை வடிவமைப்பில் டிப்ளமோ முடித்தார். அக்கா மகள் தொண்டி வளாகத்தில் ரெகுலராகப் படிக்கிறாள். தொலைநிலைக் கல்வி, தொழிற்பயிற்சி, ரெகுலர் படிப்பு மூன்றையும் வீட்டுக்குள்ளேயே பார்த்தாகிவிட்டது. அதனால் மில்லுக்கு வரும் பிள்ளைகள், "அங்கே சேரலாமா அண்ணே?" என்று என்னிடம்தான் கேட்கிறார்கள். சேரலாம், தாராளமாகச் சேரலாம் என்பதே என் பதில். கூடவே ஒன்று சொல்வேன்: பட்டம் எதற்கு உதவும், தொழிற்பயிற்சி எதற்கு உதவும் என்று பிரித்துப் பார்த்துச் சேருங்கள். இரண்டும் வேண்டும். ஆனால் ஒன்றின் வேலையை இன்னொன்று செய்யாது.

முதலில் ஒரு குழப்பத்தைத் தீர்த்துவிடுகிறேன். காரைக்குடி கல்லூரிச் சாலையில் இறங்கினால் எந்தப் பலகையைப் பார்த்தாலும் 'அழகப்பா' என்றுதான் இருக்கும். அரசு கலைக் கல்லூரி, பொறியியல் கல்லூரி, பாலிடெக்னிக், உடற்கல்விக் கல்லூரி, அப்புறம் பல்கலைக்கழகம். வெளியூரிலிருந்து வருகிறவர்கள் எல்லாம் ஒன்று என்று நினைத்து விடுகிறார்கள். பொறியியல் படிக்க விரும்பினால் தமிழ்நாடு பொறியியல் கலந்தாய்வு வழியாக வர வேண்டும். பாலிடெக்னிக் தொழில்நுட்பக் கல்வி இயக்ககத்தின் கீழ் இருக்கிறது. கலைக் கல்லூரி பல்கலைக்கழகத்தோடு இணைவு பெற்றது, ஆனால் சேர்க்கை தனி. சிவகங்கை, ராமநாதபுரம் இரண்டு மாவட்டக் கல்லூரிகளும் இந்தப் பல்கலைக்கழகத்தின் எல்லைக்குள் வருகின்றன. எந்தப் படிப்புக்கு எந்த வாசல் என்று தெரியாமல் போனால் விண்ணப்ப நாள் முடிந்துவிடும். தெரிந்தவர் பிள்ளைகள் சிலருக்கு அப்படி ஆகியிருக்கிறது.

பெயர் ஏன் ஒன்றாக இருக்கிறது என்பது இந்தப் பக்கத்துக்காரர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. கோட்டையூரில் 1909-இல் பிறந்த வள்ளல் அழகப்பச் செட்டியார் 1947-இல் கலைக் கல்லூரியைத் தொடங்கினார். அந்த ஆண்டு ஜூலையில் சென்னையில் நடந்த அன்னி பெசன்ட் நூற்றாண்டு விழாவில் சென்னைப் பல்கலைக்கழகத் துணைவேந்தர் ஏ. லட்சுமணசாமி முதலியார் கல்லூரிகள் தேவை என்று பேசினார். அதைக் கேட்டு அங்கேயே வாக்குக் கொடுத்தவர் அவர். ஆகஸ்டில் காரைக்குடி காந்தி மாளிகையில் வகுப்பு நடந்தது. காரைக்குடி மத்திய மின்வேதியியல் ஆய்வகத்துக்கு 300 ஏக்கர் நிலமும் 15 லட்சம் ரூபாயும் கொடுத்தார். 1948 ஜூலையில் நேரு அதற்கு அடிக்கல் நாட்டினார். 1953 பொங்கலன்று ராதாகிருஷ்ணன் திறந்துவைத்தார். 1957-இல், 48 வயதுகூட நிறையாமல் அழகப்பர் காலமானார். அவர் போட்டுவைத்த அந்த மனையில் 1985-இல் தமிழ்நாடு அரசு பல்கலைக்கழகத்தைச் சட்டம் இயற்றி அமைத்தது. எனக்கு இதில் பெரிதாகப் படுவது தொகையைவிட அவருடைய கணக்கு. கலைக் கல்லூரியும் பொறியியல் கல்லூரியும் ஆய்வகமும் ஒரே மண்ணில் அடுத்தடுத்து இருக்க வேண்டும் என்று அவர் நினைத்திருக்கிறார். படிப்பு வேறு, தொழில் வேறு என்று அவர் பிரிக்கவில்லை. அந்த நினைப்பின் பலனைத்தான் எங்கள் வீடு இப்போது அனுபவிக்கிறது.

இனி என் அனுபவம். பி.காம் தொலைநிலையில் சேர்ந்தேன். தொலைநிலைச் சேர்க்கை ஆண்டுக்கு இருமுறை: ஜூலை வாக்கில் ஒன்று, ஜனவரி வாக்கில் ஒன்று. ரைஸ்மில், நெல் வியாபாரம், உரக்கடை என்று விவசாயத்தை ஒட்டிய வேலையில் இருப்பவர்கள் ஜூலைப் பருவத்தில் சேருவதே நல்லது. பொங்கலை ஒட்டி சம்பா அறுவடை தொடங்கினால் மில்லில் மூச்சுவிட நேரம் இருக்காது. லாரி எடை போடுவதும், ஈரப்பதம் பார்ப்பதும், வியாபாரிக்குச் சிட்டை எழுதுவதுமாக இரவு பதினொரு மணிகூட ஆகும். அந்த நேரத்தில் புதிதாகச் சேர்ந்து புத்தகத்தைப் பிரித்தால் மனம் ஒட்டாது.

பாடப் புத்தகம் கையில் கிடைக்கும். அசைன்மென்ட் எழுதிக் கொடுத்தால் உள்மதிப்பெண், தேர்வு எழுதினால் மீதி. சனி, ஞாயிறுகளில் கான்டாக்ட் கிளாஸ். இதற்குப் போக வேண்டுமா என்று கேட்பவர்களுக்கு நான் சொல்வது: கணக்குப் பாடம் எதுவானாலும் கட்டாயம் போங்கள். காஸ்ட் அக்கவுன்டிங்கில் ஒரு கணக்கைத் தனியாக உட்கார்ந்து ராத்திரி முழுதும் போட்டும் விடை வராமல் தவித்திருக்கிறேன். வகுப்பில் பேராசிரியர் கரும்பலகையில் போட்டுக் காட்டியபோது அரை மணி நேரத்தில் புரிந்தது. சட்டம், நிர்வாகம் போன்ற பாடங்களைப் புத்தகத்தை வைத்தே ஓட்டிவிடலாம். அங்கே வந்து உட்கார்பவர்களைப் பார்ப்பதும் ஒரு படிப்பு. போலீஸ்காரர், பேத்தி பிறந்த பிறகு பட்டம் படிக்க வந்த அம்மா, சிங்கப்பூர் போய்த் திரும்பிய ஒருவர், தேவகோட்டையில் ஜவுளிக்கடையில் நிற்கும் பெண் என்று எல்லாரும் ஒரே பெஞ்சில். எல்லாரும் மதியச் சாப்பாட்டை டிபன் டப்பாவில் கொண்டு வந்திருப்பார்கள்.

தொலைநிலைப் படிப்புக்கென்றே உள்ள ஒரு சிக்கலும் உண்டு. யாரும் உங்களைத் துரத்த மாட்டார்கள். ரெகுலர் மாணவனுக்கு வாத்தியார் இருக்கிறார், கூட்டாளி இருக்கிறான், அட்டென்டன்ஸ் இருக்கிறது. நமக்குத் தேதியைத் தவிர வேறு எதுவும் இல்லை. என்னோடு சேர்ந்தவர்களில் பாதியில் விட்டவர்கள் பலர். யாரும் புத்தி குறைந்தவர்கள் இல்லை. முதல் வருட அரியரை அடுத்த வருடம் பார்த்துக்கொள்ளலாம் என்று தள்ளியவர்கள். நான் தப்பித்தது எங்கள் மில்லின் பழைய கணக்குப்பிள்ளை ஐயாவால். பள்ளிக்கூடம் அதிகம் போகாதவர், செட்டிநாட்டுப் பழைய முறைக் கணக்கில் கரைகண்டவர். பேரேட்டைப் பார்த்தே எங்கே தப்பு என்று விரல் வைப்பார். நான் புத்தகத்தைப் பிரித்தால், "தம்பி, இன்னிக்குப் படிச்சதைச் சொல்லுங்க" என்பார். டிரையல் பேலன்ஸ் என்று நான் ஆரம்பித்தால், "அதைத்தானே நாங்க ஐந்தொகை போடுறதுக்கு முன்னாடி பார்ப்போம்" என்று அவர் முறையில் விளக்குவார். தனியாகப் படிப்பவர்களுக்குப் பாடத்தைச் சொல்லிக்காட்ட ஒரு ஆள் வேண்டும். வீட்டில் யாராக இருந்தாலும் சரி.

பட்டம் எனக்கு என்ன கொடுத்தது? தகுதி கொடுத்தது. சம்பளம் உயர்ந்தது, ஆடிட்டர் அலுவலகத்துக்குப் போனால் உட்கார வைத்துப் பேசுகிறார்கள், அரசுத் தேர்வு எழுத முடிகிறது. தமிழ் வழியில் படித்தவர்களுக்கு அரசு வேலையில் 20 சதவீத முன்னுரிமை தரும் சட்டம் 2010-இல் வந்தது. பள்ளியிலிருந்தே தமிழ் வழியில் படித்திருக்க வேண்டும் என்று 2020-இல் திருத்தினார்கள். இந்த முன்னுரிமையை நம்பி யார் படித்தாலும், எந்தப் பயிற்று மொழி என்பதைச் சேரும்போதே விண்ணப்பத்தில் சரியாகக் குறிக்க வேண்டும்.

மில்லில் அன்றாடம் செய்யும் வேலையை மட்டும் பட்டம் கற்றுத் தரவில்லை. அதற்காக நான் பாடத்திட்டத்தைக் குறை சொல்ல மாட்டேன். தத்துவம் சொல்வது அதன் கடமை, அதை நன்றாகச் சொன்னது. ஆனால் 2017 ஜூலை 1-ஆம் தேதி ஜிஎஸ்டி வந்தபோது எந்தப் புத்தகமும் கைகொடுக்கவில்லை. பிராண்டு போட்ட அரிசிக்கு 5 சதவீதம், போடாததற்கு இல்லை என்றார்கள். பிறகு 2022 ஜூலையில், பை போட்டு லேபிள் ஒட்டிய அரிசி 25 கிலோ வரை இருந்தால் 5 சதவீதம் என்று மாற்றினார்கள். கடைகளுக்கு 26 கிலோ பை வந்தது அதனால்தான். பில் எப்படிப் போடுவது, டேலியில் எந்தக் கணக்கில் ஏற்றுவது, ரிட்டர்ன் எப்படித் தாக்கல் செய்வது எல்லாம் கையால் பழக வேண்டியவை. பல்கலைக்கழகத்தில் திறன் மேம்பாட்டுக்கென்றே தனி நிறுவனம் இருக்கிறது. டேலியோடு ஜிஎஸ்டியும் சேர்த்து நடந்த குறுகிய காலப் பயிற்சிக்கு அங்கே போனேன். கம்ப்யூட்டர் முன்னால் உட்கார வைத்து, மாதிரி பில்களைக் கையில் கொடுத்து ஏற்றச் சொன்னார்கள். அடுத்த மாதமே மில் கணக்கை நானே டேலிக்கு மாற்றினேன்.

மனைவிக்குக் கிடைத்தது இன்னும் தெளிவான பலன். அவர் கல்யாணத்துக்கு முன்பிருந்தே தைப்பவர். அளவு ஜாக்கெட்டை வாங்கிக்கொண்டு அதன்படி வெட்டுவார். அளவு ஜாக்கெட் இல்லாதவர்கள் வந்தால் தயங்குவார். டிப்ளமோவில் உடம்பளவு எடுப்பது, பேட்டர்ன் போடுவது, துணி வீணாகாமல் வெட்டுவது, தைக்கக் கூலி எவ்வளவு என்று கணக்குப் பார்ப்பது எல்லாம் வரிசையாக வந்தது. அதுவரை நூல், கேன்வாஸ், கொக்கி, கரண்ட் எதையும் கணக்கில் சேர்க்காமல் கூலி சொல்லிவந்தவர், இப்போது ஒவ்வொன்றையும் எழுதிவைத்து விலை சொல்கிறார். கண்டாங்கிச் சேலைக்குப் பொருத்தமான ஜாக்கெட் என்றால் பள்ளத்தூரிலிருந்தும் கானாடுகாத்தானிலிருந்தும் ஆச்சிமார்கள் தேடி வருகிறார்கள். முத்ரா கடன் கேட்டபோது அந்தச் சான்றிதழையும் விண்ணப்பத்தோடு வைத்தோம். ஓவர்லாக் மெஷின் அந்தப் பணத்தில் வந்ததுதான்.

தொழிற்படிப்பில் இன்னொரு வழி பி.வோக் என்ற தொழிற்கல்விப் பட்டப் படிப்பு. பல்கலைக்கழக மானியக் குழு 2014-இல் கொண்டுவந்த திட்டம் இது. ஒரு வருடம் முடித்தால் டிப்ளமோ, இரண்டு வருடம் முடித்தால் அட்வான்ஸ்டு டிப்ளமோ, மூன்றும் முடித்தால் பட்டம். வீட்டுச் சூழ்நிலை காரணமாக நடுவில் நிறுத்த வேண்டி வந்தாலும் வெறுங்கையோடு வெளியே வர வேண்டாம். கல்யாணம், வெளிநாட்டு விசா, அப்பாவின் உடல்நிலை என்று படிப்பை நிறுத்தக் காரணங்கள் நிறைய உள்ள எங்கள் பகுதிக்கு இது மிகவும் தேவையான ஏற்பாடு. ஆனால் இது பற்றிப் பேசுகிறவர்கள் குறைவு. பிளஸ் டூ முடித்த பிள்ளைகளிடம் பள்ளியிலேயே யாராவது எடுத்துச் சொல்ல வேண்டும்.

அக்கா மகள் படிப்பது கடலியல். தொண்டியில் கடலோர ஆய்வுக்கென்றே பல்கலைக்கழகத்தின் துறை இருக்கிறது. செட்டிநாட்டுச் செம்மண்ணில் வளர்ந்த பிள்ளைக்குக் கடல் என்றால் சுற்றுலா மட்டும்தான். இப்போது விடியற்காலையில் படகில் போய் நீர் மாதிரி எடுத்துக்கொண்டு வருகிறாள். பாக் விரிகுடாவில் 448 சதுர கிலோமீட்டரைக் கடற்பசுப் பாதுகாப்பகமாகத் தமிழ்நாடு அரசு 2022-இல் அறிவித்த பிறகு, கடற்புல், மீன்வளம் பற்றிய வேலைகள் இந்தக் கரையில் கூடும் என்று அவள் நம்புகிறாள். ஆய்வகமும் களப்பணியும் உள்ள படிப்புக்கு ரெகுலர்தான் சரி. அதைத் தொலைநிலையில் தேட வேண்டாம்.

தொலைநிலைப் பட்டத்தை வெளியே மதிக்கிறார்களா என்ற கேள்விக்கு வருகிறேன். ஒரு நிதி நிறுவனத்தில் நேர்காணலுக்குப் போனபோது, கரஸ்பாண்டென்ஸ் என்றதும் சான்றிதழைத் திருப்பிக் கொடுத்தார்கள். அப்போது பதில் சொல்லத் தெரியவில்லை. 2022 செப்டம்பரில் மானியக் குழு, அங்கீகாரம் பெற்ற தொலைநிலை, ஆன்லைன் பட்டங்கள் ரெகுலர் பட்டங்களுக்குச் சமம் என்று தெளிவாக அறிவித்துவிட்டது. இப்போது நேர்காணலுக்குப் போகிற பிள்ளைகளிடம் அந்த அறிவிப்பின் நகலை ஃபைலில் வைத்துக்கொள்ளச் சொல்கிறேன். அழகப்பாவுக்கு 2017-இல், பல்கலைக்கழகங்களைத் தரம் பார்க்கும் நாக் குழு 4-க்கு 3.64 புள்ளியோடு ஏ பிளஸ் தரம் கொடுத்தது. தொலைநிலைப் படிப்பு நடத்த விண்ணப்பிக்கும் பல்கலைக்கழகத்துக்கு மானியக் குழு கேட்பது குறைந்தது 3.01 புள்ளி.

சேர்க்கை விஷயத்தில் ஏஜென்டுகளிடம் மட்டும் எச்சரிக்கையாக இருங்கள். எங்கள் மில்லில் லோடு ஏற்றும் ஒரு தம்பி, ஊருக்கு ஊர் பலகை மாட்டியிருக்கும் தனியார் மையம் ஒன்றில் எந்தப் பல்கலைக்கழகம் என்றுகூடத் தெளிவாகத் தெரியாமல் பணம் கட்டினான். கட்டணத்துக்கு மேல் 'சர்வீஸ்' என்று வாங்கினார்கள். தேர்வு நேரத்தில் பார்த்தால் பதிவே நடக்கவில்லை. ஒரு வருடம் போனதுதான் மிச்சம். மானியக் குழுவின் 2020 விதிமுறைப்படி இப்படி வெளியாருக்கு மையத்தை ஒப்பந்தத்தில் விட்டு நடத்துவதே கூடாது. பொறியியல், சட்டம், மருத்துவம், நர்சிங், வேளாண்மை இவற்றைத் தொலைநிலையில் தருகிறேன் என்று யார் சொன்னாலும் அதுவும் செல்லாது. மானியக் குழுவின் தொலைநிலைக் கல்விப் பிரிவு தன் இணையதளத்தில் ஒவ்வொரு பல்கலைக்கழகமும் எந்தெந்தப் படிப்புக்கு எந்தப் பருவம் வரை அனுமதி பெற்றிருக்கிறது என்று பட்டியல் போட்டிருக்கும். பணம் கட்டுமுன் உங்கள் படிப்பின் பெயரை அதில் தேடுங்கள். தொலைநிலை மாணவர்களுக்கு அந்தப் பிரிவு தரும் டெப் ஐடியும், படித்த கிரெடிட்டுகளைச் சேர்த்துவைக்கும் ஏபிசி ஐடியும் நீங்களே, உங்கள் சொந்த செல்போன் எண்ணில் உருவாக்குங்கள். கட்டணத்தைப் பல்கலைக்கழகக் கணக்கில் நேராகக் கட்டி, ரசீதைப் பட்டம் கைக்கு வரும்வரை பத்திரமாக வைத்திருங்கள்.

அந்தத் தம்பியை இந்த ஜூலைப் பருவத்தில் நானே கூட்டிப்போய்ப் பி.காமில் சேர்த்திருக்கிறேன். சேர்ந்த கையோடு டேலி வகுப்பு எப்போது தொடங்கும் என்று திறன் மேம்பாட்டு நிறுவனத்தில் கேட்டு, தேதியைக் குறித்துக்கொண்டு வந்தோம்.